கரண்ட் வந்தது, மெஷின் ஓடவில்லை

இது நடந்து இரண்டு வருஷம் இருக்கும். சித்திரை பிறக்க ஒரு வாரம் இருந்தது. கொடைக்கானலுக்குப் பக்கத்தில் பள்ளங்கியில் எங்கள் வீடு. பின்பக்கம் இருக்கிற இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறோம். என் வீட்டுக்காரர் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். ஏப்ரல், மே இரண்டு மாதம் சம்பாதித்தால்தான் மீதி மாதங்களில் பனியைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக உட்கார முடியும். அந்த வருஷம் சீசன் தொடங்குகிற நேரத்தில் என் வீட்டுக்காரரின் வலது கை போயிருக்க வேண்டியது. போகவில்லை. ஏன் போகவில்லை என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். யாராவது மெதுவாக வேலை செய்வதைப் பார்த்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. கடையில் பொட்டலம் கட்டுகிறவர் நூலை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினால்கூட எனக்குக் கை பரபரக்கும். இந்தக் குணத்தை நான் சுறுசுறுப்பு என்று சொல்லிக்கொள்வேன். என் வீட்டுக்காரர் வேறு பெயர் சொல்லுவார்.

பின்னறைகளில் ஒன்றில் தரைக்குப் பி.வி.சி. கார்பெட் ஒட்டியிருந்தோம். குளிருக்கு அடக்கமாக இருக்கும் என்று எட்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேருமே சேர்ந்து ஒட்டியது. பசை டின்னில் மெல்லிசாகத் தடவவும் என்று போட்டிருந்தது. மெல்லிசாகத் தடவினால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும் என்று நான் சொன்னேன். அவர் தோசை மாவு மாதிரி ஊற்றித் தேய்த்தார். கார்பெட்டுக்கு அடியில் ஈரம் புகுந்து, அந்த சீசனுக்கு முந்தின டிசம்பரில் வந்து தங்கிய ஒருவர், அறையில் நாய் படுத்த சாக்கு வாசனை அடிக்கிறது என்று இன்டர்நெட்டில் எழுதிவிட்டுப் போனார். அதைப் படித்துவிட்டு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. டைல்ஸ் போட்டுவிடுவது என்று முடிவு செய்தோம்.

கார்பெட் ஒரே காலையில் உரிந்து வந்துவிட்டது. பசை மட்டும் வரமாட்டேன் என்றது. அறை முழுக்கத் திட்டுத் திட்டாக, மஞ்சளாக, கல் மாதிரி கிடந்தது. சுவரில் இடுப்பு உயரத்துக்கு அடித்திருந்த பழைய ஆயில் பெயின்ட் வேறு கொப்பளம் கொப்பளமாக எழும்பி நின்றது. டைல்ஸ் மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, பசை இருக்கிற தரையில் டைல்ஸ் நிற்காது, முதலில் எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க வேண்டும், அதற்கு ஆள் அனுப்புகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வருவதாக அறையைப் பதிவு செய்திருந்தார்கள். வெள்ளியும் சனியும் டைல்ஸ் வேலைக்கு வேண்டும். அப்படியென்றால் வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் சுரண்டி முடித்தாக வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் ஆள் வந்தார். ஆடலூர்க்காரர். நாற்பது வயது இருக்கும். கொடைக்கானலில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தோளில் ஒரு பை, பையில் ஒரு மெஷின். மிக்ஸி ஜார் பருமனில் கைப்பிடி, முனையில் ஒரு பட்டை பிளேடு. நான் சுற்றுகிற மெஷின் என்று நினைத்தேன். அது சுற்றாதாம். கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் இடமும் வலமுமாக ஆடுமாம். தரையில் இருக்கிற பசைக்கு வளையாத தடி பிளேடு, சுவர் பெயின்ட்டுக்கு வளைகிற மெல்லிய பிளேடு. இரண்டும் ஒரே திருகாணியில் மாட்டுகிறவை. கூர் எப்படி என்று பார்க்க நான் விரலை நீட்டினேன். அவர் மெஷினைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"தொட்டுப் பாக்காதீங்கம்மா. ஆடாமக் கெடந்தாலே அறுக்கும்" என்றார்.

கீழே கிடந்த ஒரு ரீப்பர் கட்டைத் துண்டில் வைத்து ஓட்டிக் காட்டினார். வெண்ணெயில் கரண்டி இறங்குகிற மாதிரி மரத்தில் இறங்கியது. நல்ல மெஷின், நாளைக்கே முடிந்துவிடும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

வேலை ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் பொறுமை போக ஆரம்பித்தது. தரையில் வெந்நீர் ஊற்றிப் பசையை ஊறவிடுவார். பிறகு துணியால் ஒத்தியெடுத்துவிட்டுச் சுரண்டுவார். பசை இளகி அல்வா மாதிரி பிளேடில் அப்பிக்கொள்ளும். அப்பிக்கொண்டால் பிளேடு கடிக்காது. கழற்றித் துடைத்து மாட்ட வேண்டும். இதுவரைக்கும் சரி. ஆனால் ஒவ்வொரு தடவை பிளேடில் கை வைக்கும் முன்னாலும் மெஷின் சுவிட்சை அமர்த்துவார், எழுந்திருப்பார், அறைக்கு வெளியே நடையில் ஸ்டூல் மேல் வைத்திருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து பிளக்கைப் பிடுங்கி வைப்பார், திரும்ப வந்து உட்காருவார், அதற்குப் பிறகுதான் திருகாணியில் கை வைப்பார். மாட்டி முடித்ததும் மறுபடி எழுந்து போய் பிளக்கைச் சொருகுவார். பாக்ஸைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாமே என்றால், தரையில் தண்ணீர் ஊற்றுகிறோம் என்றார். பாக்ஸில் இருந்த சுவிட்சை அமர்த்தலாம் என்றால், அது எப்போதோ உடைந்து ஆனிலேயே நின்றுவிட்டது. அது எங்கள் வீட்டு பாக்ஸ்தான்.

ஒரு மணி நேரத்தில் ஏழு தடவை எழுந்தார். சமையலறையிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, மெஷின்லயே சுவிட்ச் இருக்குல்ல? அதை அமத்துனாப் போதாதா? எதுக்குச் சும்மா நடந்துக்கிட்டே இருக்கீங்க?"

"இருக்குதுங்கம்மா. பழகிருச்சு" என்றார். மறுபடி எழுந்து போனார்.

செவ்வாய்க்கிழமையும் இப்படியே போனது. புதன்கிழமை காலையில் பார்க்கிறேன், தரையில் கால்வாசியும் சுவர் முழுக்கவும் மிச்சம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. பத்து மணிக்கு வாசலுக்கு வந்து நின்று மேஸ்திரிக்குப் போன் போட்டேன். என்ன சொன்னேன் என்பது இன்றைக்கும் வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "வேலைக்கு ஆள் அனுப்புங்கன்னா, வாக்கிங் போறதுக்கு ஆள் அனுப்பியிருக்கீங்களே? வேணும்னே நாளை இழுத்தடிக்கிறாருங்க. நாளைக்கு வேற ஆள் அனுப்புங்க, இல்லைன்னா டைல்ஸ் சோலியும் உங்களுக்கு இல்லை" என்றேன். வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்பது பொய். அந்த மனிதர் டீ குடிக்கக்கூட உட்கார்ந்ததில்லை. மேஸ்திரி, சரிங்கக்கா, நாளைக்கு வேறு ஆள் வரும் என்றார். சாயங்காலம் அவரே தன் ஆளிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டு நான் உள்ளே வந்தேன்.

பதினொரு மணி வாக்கில் இன்னொரு தொல்லை. பாக்ஸில் ஓட்டை தளர்ந்துபோய், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக் நழுவி நழுவி நின்றது. நான் பிரவுன் டேப்பை எடுத்து வந்து பிளக்கையும் பாக்ஸையும் சேர்த்து மூன்று சுற்று சுற்றினேன்.

"இனிமே இது நழுவாது. நீங்களும் பிடுங்க வேண்டாம். வெரசா முடிங்க" என்றேன்.

அவர் டேப்பைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "சரிங்கம்மா" என்றார். அதற்குப் பிறகு அவர் எழுந்து போவதை நான் பார்க்கவில்லை. நானும் சமைக்கப் போய்விட்டேன். ஒரு வழியாக என் பேச்சு எடுபட்டது என்று எனக்குத் திருப்திதான்.

மதியம் காற்று எடுத்தது. எங்கள் பக்கம் காற்று பலமாக அடித்தால் எங்கேயாவது ஒரு மரக்கிளை கம்பியில் சாயும். ஒரு மணிக்குக் கரண்ட் போனது. வேலை செய்துகொண்டிருந்தவர் கை கழுவிக்கொண்டு, பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடையில் சாப்பிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கரண்ட் போனால் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. எங்கள் வீடு என்ன, எங்கள் பக்கத்தில் பாதி வீட்டில் அப்படித்தான். நடையில் இருக்கிற பல்பின் சுவிட்சை ஆனிலேயே விட்டுவிடுவோம். பல்பு எரிந்தால் கரண்ட் வந்துவிட்டது என்று தெரியும். அன்றைக்கு எனக்கு அதையும் தாண்டி ஒரு யோசனை வந்தது. பின்னறைக்குப் போனேன். மெஷினை ஒரு பழைய சாக்கின் மேல் வைத்திருந்தார். அதன் சுவிட்ச் அமுக்கிப் பிடிக்கிற வகை இல்லை, தள்ளிவிட்டால் தள்ளின இடத்தில் நிற்கும். நான் அதை முன்னால் தள்ளி ஆனில் வைத்தேன். கரண்ட் வந்த நொடியே மெஷின் சத்தம் போடும், சமையலறையில் எனக்குக் கேட்கும், உடனே கேட்டில் நின்று அவரைக் கூப்பிட்டுவிடலாம், ஒரு நிமிஷம் வீணாகாது. என் புத்தியைப் பாருங்கள்! அறையை விட்டு வரும்போது என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் ஒரு சவாரியை இறக்கிவிட்டுச் சாப்பிட வந்தார். சாப்பாடு போட்டேன். அப்பளம் நமுத்துவிட்டது என்று ஒரு பேச்சு, வேனுக்கு டயர் மாற்ற வேண்டும் என்று ஒரு பேச்சு. மெஷின் என் நினைப்பிலிருந்து சுத்தமாகப் போய்விட்டது. அவர் கை கழுவிவிட்டுப் பின்னறைப் பக்கம் போனார். நான் பாத்திரம் விளக்கப் போனேன்.

"ஏய், பிளேடு பூராம் பசையா அப்பிக் கெடக்கு. கழட்டித் தொடைச்சு வைக்கிறேன், அந்த மனுசன் வந்தா வெரசா ஆரம்பிச்சுருவாரு" என்று அங்கிருந்து குரல் கொடுத்தார். வண்டி ஓட்டுகிறவர் இல்லையா, எந்த மெஷினைப் பார்த்தாலும் கை வைக்காமல் இருக்க முடியாது. சரி சரி என்று நானும் சொன்னேன். ஃப்ளாஸ்கில் இருந்த டீயை ஒரு டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

அறை வாசலில் நின்று பார்த்தேன். சாக்கின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து மெஷினை மடியில் வைத்திருந்தார். திருகாணியைப் பாதி கழற்றியிருந்தார். பசை பிடித்துக்கொண்டு பிளேடு வரவில்லை போல. உள்ளங்கை முழுவதையும் கொடுத்துப் பிளேடைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் என் தலைக்கு மேல் நடை பல்பு எரிந்தது. சமையலறையில் ஃபிரிட்ஜ் ஒரு உதறு உதறிவிட்டு ஓட ஆரம்பித்தது.

மெஷின் சுவிட்ச் நான் தள்ளி வைத்த இடத்திலேயே இருந்தது. முன்னால்.

மனிதர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"கரண்ட் வந்துருச்சு போல" என்று சொல்லிக்கொண்டே இன்னும் பலமாக இழுத்தார். மெஷின் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று எனக்குப் புரியவில்லை. அடுத்த நொடி ஓடிவிடும் என்றுதான் நினைத்தேன்.

"அதைக் கீழ வைங்க."

"ஏன்?"

"வைங்கங்கறேன்ல!" என்று போட்ட சத்தத்தில் டம்ளர் சாய்ந்து டீ என் கால் மேலேயே கொட்டியது. அவர் மிரண்டுபோய் மெஷினைச் சாக்கில் வைத்தார். என்னடி, பேயைக் கண்ட மாதிரி நிக்கிற என்றார். நான் நடைக்குத் திரும்பினேன். கதவுக்குப் பின்னால் ஸ்டூல். ஸ்டூலின் மேல் பாக்ஸ். பாக்ஸுக்குப் பக்கத்தில் பிளக் தனியாக, வயரை ஒரு சுற்றுச் சுற்றி வைத்தபடி இருந்தது. நான் சுற்றிய டேப் அழகாக உரிக்கப்பட்டு ஸ்டூல் விளிம்பில் ஒட்டியிருந்தது.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மரத்தில் அந்த பிளேடு இறங்கினது என் கண் முன்னாலேயே நின்றது. பாதி கழன்ற பிளேடு உள்ளங்கைக்குள் அந்த ஆட்டம் ஆடியிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? வேன் ஸ்டீயரிங்கை எந்தக் கையால் பிடித்திருப்பார்? சுவிட்சை ஆனில் வைத்தவள் நான். பிளக்கை டேப் போட்டுக் கட்டியவளும் நான்.

முதலில் தோன்றியது மேஸ்திரிக்குப் போன் போட வேண்டும் என்பதுதான். காலையில் பேசியதைச் சாயங்காலத்துக்குள் இல்லாமல் ஆக்கிவிட்டால், அந்த மனிதருக்குத் தெரியாமலே போய்விடும் என்று ஒரு நப்பாசை.

"வேற ஆள் வேண்டாங்க, இவரே முடிச்சிரட்டும்" என்றேன்.

"அக்கா, நான் அவர்கிட்ட அப்பவே சொல்லிட்டேனே. பத்தரை மணி இருக்கும், போன்ல கூப்பிட்டுச் சொன்னேன். சரின்னுட்டாரு. நாளைக்கு அவரைப் பெரும்பாறையில ஒரு வீட்டுக்குப் போகச் சொல்லியாச்சு."

"நான் சொன்னதையுமா சொன்னீங்க?"

"பூராத்தையும்தான். வாக்கிங்னு சொன்னீங்கல்ல, அதையும் சொன்னேன்" என்று சிரித்தார்.

போனை வைத்துவிட்டு வாசலிலேயே நின்றேன். பத்தரைக்குச் சொல்லிவிட்டார். பதினொரு மணிக்கு நான் போய் டேப்பைச் சுற்றினேன். ஆடலூர்க்காரர் என்னைப் பார்த்த பார்வை அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு மணிக்குக் கரண்ட் போனபோது அந்த டேப்பை உரித்து, பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். இந்த வீட்டில் அவருக்கு இன்னும் நாலு மணி நேர வேலைதான் மிச்சம் என்று தெரிந்துதான் செய்திருக்கிறார்.

அவர் பல்லுக்குச்சியைக் கடித்துக்கொண்டு கேட்டுக்குள் வந்தார்.

"பிளக்கைப் பிடுங்கிட்டுப் போனது நீங்களா?" என்று கேட்டேன். திட்டப்போகிறேன் என்று நினைத்துவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கரண்டு எப்ப வரும்னு தெரியாது. நானும் வெளிய போறேன், வீட்டுல ஆளுக நடமாடுவீங்க. டேப்பைக் கிழிக்கலீங்க, உரிச்சுத்தான் வச்சிருக்கேன். திருப்பி ஒட்டிக்கிறலாம்."

நடந்ததைச் சொன்னேன். சுவிட்சை நான் தள்ளி வைத்ததையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவர் விறுவிறு என்று உள்ளே போய், முதல் வேலையாக அந்த சுவிட்சைப் பின்னால் தள்ளினார். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "கையில ஒண்ணும் படலீங்களே?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் விஷயம் புரிந்து உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாதாரணமாக எனக்கு ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவர், அன்றைக்கு என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"மேஸ்திரி காலையிலயே உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாராமே?" என்றேன்.

"சொன்னாருங்க."

"அதுக்கப்புறமுமா டேப்பை உரிச்சுப் பிளக்கைப் பிடுங்கி வச்சீங்க?"

அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "அதுக்கும் இதுக்கும் என்னங்கம்மா?" என்றார்.

மன்னித்துவிடுங்கள் என்றேன். பழக்கம் இல்லாத வார்த்தை, சரியாக வரவில்லை. அவர் கூச்சப்பட்டுக்கொண்டு பிளேடைக் கழற்ற உட்கார்ந்துவிட்டார். நாளைக்கும் நீங்களே வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களைக்கூடத் தள்ளி வரச் சொல்லிவிடுகிறேன் என்றேன். பெரும்பாறைக்காரர்களிடம் வருகிறேன் என்று சொல்லியாகிவிட்டது, மாற்ற முடியாது என்றார். ஐந்து மணி வரைக்கும் சுவர் பெயின்ட்டைச் சுரண்டினார். ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கினார். போகும்போது சுரண்டிய குப்பையைக் கூட்டி அள்ளி மூட்டை கட்டி வைத்துவிட்டு, வர்றேங்கம்மா என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் வந்த புது ஆள் நல்ல வேகம். பிளக் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. பிளேடில் கை வைக்கப் போகிறார் என்று தெரிந்தால் நானே ஓடிப்போய்ப் பிடுங்கினேன். நாள் முழுக்க ஸ்டூல் பக்கத்திலேயே நின்றேன். அந்தக்கா வேலை செய்யவே விடமாட்டேங்குது என்று அவர் மேஸ்திரியிடம் சொன்னாராம். அறை சனிக்கிழமை முடிந்தது. மதுரைக்காரர்கள் வந்தார்கள், தங்கினார்கள், அறை சுத்தமாக இருக்கிறது என்று எழுதிவிட்டும் போனார்கள்.

ஆடலூர்க்காரரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அவர் பிளக்கைப் பிடுங்கி வைத்ததை இந்த இரண்டு வருஷத்தில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லாம் உங்கள் வீட்டுக்காரருக்கு நல்ல நேரம் என்றார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறேன். இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று மிச்சம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் கை அந்த பிளேடில் இருந்த அந்த ஒரு நொடிக்கு எனக்கு உயிரே போனது. அதே பிளேடை மூன்று நாளாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தவருக்கும் அதே மாதிரி இரண்டு கைகள்தான் இருக்கின்றன என்பது எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.